ஐந்து பேருக்கு ஐந்து யூனிட்

துறையூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே பி.காம். முடித்தும் முடிக்காமல் ஐந்து பேர். ஐவருக்கும் ஒரே பேப்பரில் அரியர்: புள்ளியியல். ஐவரில் மூளைக்காரன் சங்கிலிமுத்து. மற்ற நால்வரும் அப்படித்தான் நம்பினார்கள். அவனும் நம்பிவிட்டதுதான் வினை. இதுதான் கடைசி வாய்ப்பு. டிகிரி வந்தால்தான் பெண் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். மாமா மகள் பூங்கோதையை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இவர்களைக் கரையேற்றும் பொறுப்பு டியூட்டர் மெய்யப்பன் சாருக்கு. பாவம், நல்ல மனிதர்.

"அஞ்சு யூனிட், அஞ்சு பேர். ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுப் படிங்க. அப்புறம் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுங்க" என்றார்.

பிரித்தார்கள். புத்தகத்தையே ஐந்தாகக் கிழித்துப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டை உருப்போட்டும் விட்டார்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் சார் ஹால் டிக்கெட்டைக் கொடுத்து எச்சரித்தார். "ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுத்து மாட்டினீங்க, மூணு வருஷம் டிபார். தெரியாத கேள்வியையும் சும்மா விடாதீங்கடா, எதையாவது எழுதி வைங்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஆலோசித்தார்கள்.

"போன வாரம் சொல்லிக்குடுக்கச் சொன்னாரு, இன்னைக்கு வேணாங்கறாரே" என்றான் வைரமணி.

"கடைசியாச் சொன்னதுதான்டா கணக்கு. நல்லவேளை, நாம இன்னும் ஆரம்பிக்கல" என்றான் சங்கிலிமுத்து.

மறுநாள் அவன் முதல் யூனிட்டை வெளுத்துக்கட்டினான். மற்ற கேள்விகளையும் சும்மா விடவில்லை. 'இதற்கு விடை வைரமணி தாளில் இருக்கிறது. முன் பெஞ்சு, நீலச் சட்டை. கேட்டால் கொடுப்பான்' என்று ஒவ்வொன்றுக்கும் ஆளும் இடமும் எழுதினான். மற்ற நால்வரும் அப்படியே.

ரிசல்ட் வந்தது. ஆளுக்குப் பதினாறு மார்க். மெய்யப்பன் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஐவரும் லட்டு டப்பாவோடு வந்து நின்றார்கள்.

"அஞ்சு பதினாறு எண்பது. ஃபர்ஸ்ட் கிளாஸ், சார்" என்றான் சங்கிலிமுத்து.

"எண்பது யாருடா வாங்கினது?"

"நாங்கதான் சார். டிகிரி ஒண்ணு போதும். திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் ஆளுக்கொரு நாள் வச்சுக்கறோம்."

"அப்ப சனி, ஞாயிறு?" சார் வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

ஐவரும் ஒதுங்கிப் போய்க் கூடிப் பேசினார்கள். "நீங்க வச்சுக்குங்க சார், எங்களுக்காக ரொம்பப் பாடுபட்டிருக்கீங்க" என்றான் வைரமணி.

சங்கிலிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பங்கில் அவனுக்கு விழுந்தது திங்கட்கிழமை. சார் மேஜைக் காலண்டரை இழுத்து, ஆவணியில் திங்கட்கிழமை முகூர்த்தம் எது என்று தேட ஆரம்பித்தான்.