மூடாத உப்பு அம்பாரம்

கடலோரமா ஒரு ஊர்ல ஒரு உப்பளத்துக்காரன் இருந்தானாம். பேரு பேச்சிமுத்து. அந்த ஊர்ல மேடுன்னு ஒண்ணு கிடையாது. உசரமா நிக்கிறது குவிச்சு வச்ச உப்பு அம்பாரம் மட்டுந்தான். மழை வாசம் அடிச்சா போதும், ஊரே ஓடிப்போய் அம்பாரத்தைப் பனை ஓலை போட்டு மூடிடும். நனைஞ்சா கரைஞ்சுடும்ல? ம் சொல்லு.

அவனோட அக்கா சந்தனமாரியை ரொம்ப தூரத்துல, மலையடிவாரத்துல, ஏரிக்கரைப் பட்டணத்துல கட்டிக்கொடுத்திருந்தாங்க. அவ மக செல்வக்கனிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்தணும்? பேச்சிமுத்து கணக்கா யோசிச்சான். ராத்திரி பஸ் ஏறணும், விடியக்காலம் இறங்கணும், காது குத்தினதும் மத்தியான பஸ்ல திரும்பிடணும்.

முதல் தடவை கிளம்பினான். வாசல் தாண்டல, வானம் கடகடகடன்னுச்சு. "ஐயோ அம்பாரம்!" ஓடிட்டான். காதுகுத்து தள்ளிப்போச்சு.

அப்புறம் ரெண்டாம் தடவை, பஸ்ல ஏறியே உட்கார்ந்துட்டான். காத்து உய்ய்ய்னு அடிச்சுது. ஓலை பறக்குமேன்னு குதிச்சு இறங்கிட்டான். அதுவும் தள்ளிப்போச்சு.

அப்போ அக்கா போன்ல கத்தினா. "எலே, உனக்கு உப்பு பெருசா, மருமக பெருசா? வியாழக்கிழமை எட்டு மணிக்கு நீ வரலைன்னா அவ பெரியப்பா மடியில வச்சுக் குத்திடுவாங்களாம். நான் எந்த முகத்தோட உட்காருவேன்?"

மூணாம் தடவை, பேச்சிமுத்து ஓலையை ரெண்டு அடுக்காப் போட்டு, கயிறு கட்டி, பக்கத்து உப்பளத்துக்காரர்கிட்ட ஒப்படைச்சுட்டு பஸ் ஏறினான்.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

விடிஞ்சு இறங்கினான் பாரு, அப்படியே வாயைப் பொளந்துட்டான்! எதிர்ல ஏரி. ஏரிக்கு அந்தாண்ட, உச்சியில இருந்து அடி வரைக்கும் வெள்ளை வெளேர்னு, வானத்தைத் தொடுற மாதிரி ஒரு அம்பாரம். ஒரு ஓலை இல்ல! மேல கருகருன்னு மேகம் வேற.

"அடப்பாவிகளா! இவ்வளவு உப்பையும் தொறந்து போட்டுட்டுத் தூங்குறீங்களே! எந்திரிங்க, ஓலை கொண்டாங்க!"

தொண்டை கிழியக் கத்தினான். ஏரிக்கரை டீக்கடைக் கூரையில இருந்து சரக் சரக்னு ஓலையை உருவினான். கடைக்கார அம்மா கரண்டியோட ஓடிவந்தா. "யோவ், யாருய்யா நீ?"

சடசடசடன்னு கொட்டிச்சு மழை. போச்சு, ஏரித் தண்ணியெல்லாம் உப்பாகிடும்! பேச்சிமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். அப்புறம் குனிஞ்சு ஏரித் தண்ணியை ஒரு கை அள்ளிக் குடிச்சான். உப்பே இல்ல. கண்ணைத் தொறந்தான். மழையில பனி விலகி, அந்த அம்பாரம் பச்சைப் பசேல்னு நிக்குது.

"இது... இது என்னம்மா?"

"மலைய்யா. காலையில பனி மூடியிருந்துச்சு. அது நனையாத மழையா? என் ஓலையை வை கீழ!"

மலையா! பேச்சிமுத்து சேத்துலயே தொப்புனு உட்கார்ந்துட்டான். அப்போ கோயில் மணி டங், டங்னு எட்டு அடிச்சுது.

"ஐயோ, மடி!"

தடதடதடன்னு ஓடினான். அக்கா வீட்டுக்குள்ள நுழைஞ்சா, பெரியப்பா மடியில செல்வக்கனி. ஆசாரி கையில ஊசி. புள்ள வீல் வீல்னு கத்துது, தலையை ஆட்டுது, யாராலயும் புடிக்க முடியல.

"வந்துட்டாருய்யா தாய்மாமன்! வந்த வழியே போகச் சொல்லு" ன்னாரு பெரியப்பா.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கல. பேச்சிமுத்து வாசல்லயே சொட்டச் சொட்ட நின்னான்.

"எங்கலே போன?" ன்னா அக்கா.

"மலையை... உப்புன்னு நினைச்சு மூடப்போயிட்டேன்க்கா."

செல்வக்கனி அழுகையை நிறுத்திட்டா.

"மலையையா? மூடவா?"

"ஆமா தாயி."

புள்ள கெக்கெக்கேன்னு சிரிச்சுது. பெரியப்பா மடியில இருந்து வழுக்கி இறங்கி, ஓடிவந்து இவன் கையைப் புடிச்சு இழுத்து உட்கார வச்சு, மடியில ஏறிக்கிச்சு. "மாமா, எவ்ளோ பெரிய உப்பு?"

"இவ்...வளவு பெருசு" ன்னு ரெண்டு கையையும் விரிச்சான். புள்ளயும் அசையாம அண்ணாந்து பார்த்துது. ஆசாரி சுதாரிச்சுக்கிட்டாரு. பொசுக்! ஒரு காது. பொசுக்! இன்னொரு காது.

"ச்சீ மாமா, உங்க மடியெல்லாம் ஈரம்" னா செல்வக்கனி. இறங்கத்தான் இல்ல.

அவ காதுல தோடு ஏறிச்சு, என் கதை கரை ஏறிச்சு. கண்ணை மூடு, தூங்கு.