முளைப்பாரி எடுத்த நாள்

குளத்தங்கரை மடத்தில் பிரமநாயகி அம்மை இருந்தார். அவரிடம் பாடம் கேட்க வந்த உலகம்மை அவரைவிட மூத்தவள். குரு அவளை அக்கா என்பார். அவள் குருவை அம்மா என்பாள்.

ஒரு காலை உலகம்மை பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, நான் அந்த வீட்டை விட்டுப் போகப்போறேன். நேத்து அவரு என் கழுத்தைப் பிடிச்சிட்டாரு. மக பாத்துக்கிட்டு நின்னா."

"போங்க" என்றார் குரு.

"முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் போவேன். சொல்லாமப் போறது திருட்டுத்தனம் இல்லையா?"

"போன வருஷம் சொல்லிட்டுத்தானே கிளம்புனீங்க?"

உலகம்மை தன் இடது முழங்கையைத் தடவிக்கொண்டாள். அது அன்றிலிருந்து முழுதாக நீள்வதில்லை.

குரு உள்ளே போய் ஒரு மண்சட்டியை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

"இந்த வருஷம் நீங்களும் முளைப்பாரி போடுங்க."

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"தினமும் முளை வீட்டுக்கு வாங்க. வரும்போது வெறுங்கையோட வராதீங்க."

சட்டிகளில் விதைத்த தானியம் இருட்டில் முளைவிடும் வீடு அது. திருவிழா வரைக்கும் பெண்கள் தண்ணீர் தெளித்து, சுற்றிக் கும்மியடிப்பார்கள். ஆண்கள் யாரும் படியேற மாட்டார்கள்.

மறுநாள்தான் உலகம்மைக்குப் புரிந்தது. அவள் கூடையில் வைக்கோலுக்கு அடியில் மகளின் பள்ளிச் சான்றிதழ் வந்தது. பிறகு ஆதார் அட்டை, இரண்டு மாற்றுடை, அவளுடைய அம்மா போட்ட கம்மல். குரு வாங்கி ஒரு பெரிய பானைக்குள் போட்டார்.

"அவரு தேடுற பொருள் எதையும் எடுக்காதீங்க. கடைசி வரைக்கும் வீடு எப்பவும் போல இருக்கணும்."

"நடுவுல அடிக்க வந்தா?"

"அடுப்படிக்கு ஓடாதீங்க. அங்க அரிவாமனை கிடக்கு. வாசல் பக்கம் வந்து, 'குழாயில தண்ணி வந்திருச்சா'ன்னு கத்துங்க. பக்கத்து வீட்டு ஆவுடைக்குச் சொல்லிவச்சிருக்கேன்."

ஒரு சாயங்காலம் உலகம்மை கத்த வேண்டியதாயிற்று. வந்தது ஆவுடை மட்டுமல்ல. தெருப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் புருஷன் சிவனணைந்தான் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான்.

அன்று முளை வீட்டில் சிரித்துச் சிரித்துக் கும்மி தாளம் தப்பியது.

போக வேண்டிய இடத்தை உலகம்மை ஆவுடையின் போனில் பேசி முடித்தாள்.

திருவிழா அன்று நல்ல வெயில். பெண்கள் முளைப்பாரியைத் தலையில் ஏந்தி வந்தார்கள். உலகம்மை நடுவில் நடந்தாள். டீக்கடை வாசலில் சிவனணைந்தான் நின்றான்.

"ஏய், சோறு பொங்கி வச்சிட்டியா?"

அவள் கால் ஒரு கணம் நின்றது.

"வச்சிருக்கேன்."

ஆவுடை விடவில்லை.

"சாமி தூக்கிட்டுப் போறவகிட்டயா சோறு கேக்கீரு? நீரே போட்டுத் தின்னும் அண்ணாச்சி. பழகிக்கிடும்!"

எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள். டீக்கடைக்காரரும் சிரித்துவிட்டார். ஊர்வலம் நகர்ந்தது.

குளத்தில் முளைப்பாரி கரைந்தது. மறுகரையில் ஆவுடையின் தம்பி வேனோடு காத்திருந்தான். மகள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள். பானையும் ஏறியது.

நனைந்த சேலையோடு உலகம்மை சிரித்தாள். பிறகு குருவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவரு முதல்ல உங்ககிட்டதான் வருவாரு. உங்களுக்குப் பொய் சொல்ல வராதே. ஆனாலும் உங்ககிட்ட சொல்லாமப் போக மனசு வரல. நான் போற ஊரு..."

குரு மாவிளக்கு மாவை ஒரு பெரிய உருண்டையாகப் பிடித்து, திறந்த அந்த வாயில் அடைத்தார்.

"மெல்லுங்க அக்கா. அவரு கேட்டா எனக்குத் தெரியாதும்பேன். அது உண்மையா இருக்கட்டும்."