விரல் பட்ட வட்டில்

ஏரிக்கரை மடத்துத் துறவி அமுதவாணரிடம்தான் மதகின் பொறுப்பு இருந்தது. அடியில் ஊசித் துளையிட்ட செப்பு வட்டிலைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிடுவார். அது மூழ்கும்வரை ஒரு வயலுக்குப் பாய்ச்சல். மூழ்கியதும் சேகண்டியைத் தட்டுவார். வயலில் இருப்பவர் சத்தம் கேட்டுத் தன் வாய்க்காலை அடைத்துவிடுவார். எட்டு நாளைக்கு ஒரு முறை, முதலில் மடத்துத் தோட்டம், பிறகு ஒன்பது வயல்கள். பொழுது சாய்ந்தால் மதகை மூடிவிடுவார்கள்.

சீடர் செங்கோடன் படைவேலையை விட்டு வந்தவர். வாள் பிடித்த கைக்குக் கிண்ணத்தைக் காவல் காப்பது பெரிய சோதனைதான்.

பங்குனியில் ஒரு நாள் பூவாயியின் முறை வந்தது. புருஷனை இழந்தவள், பயிர் பால்பிடிக்கும் நேரம். பாதி வயல் நனைவதற்குள் வட்டில் முக்கால்வாசி அமிழ்ந்துவிட்டது. செங்கோடனுக்கு மனம் கேட்கவில்லை. துளையின் அடியில் விரலை வைத்துக்கொண்டார். வயல் நிறைந்தது.

அன்று கடைசி வயல்காரர் காளியப்பனுக்கு முறை வருமுன்பே பொழுது சாய்ந்துவிட்டது. ஒருநாளும் நடக்காத காரியம். ஊருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

அடுத்த முறையன்று விடியுமுன்பே ஒன்பது பேரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பூசணிக்காய் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதைச் சொல்லி அழுதார். வயலில் ஒருவரும் இல்லை. பூவாயியும் வந்திருந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று செங்கோடன் நினைத்தார்.

"இன்னைக்கு யாருக்கு விரல் வைப்பீங்க, சாமி?" என்று கேட்டாள்.

செங்கோடன் ஆசிரியரின் காலில் விழுந்தார். பார்த்துக்கொண்டே பயிரைக் காயவிடுவது நியாயமா என்றும் கேட்டார்.

"நீ நினைச்சதுல தப்பில்ல. அதை இவங்க எல்லாரும் இருக்கும்போது சொல்லியிருக்கணும்" என்றார் அமுதவாணர்.

பால்பிடிக்கும் பயிருக்குக் கால் வட்டில் கூடுதலாகத் தரலாமா என்று அவரே ஒன்பது பேரிடமும் கேட்டார். பொழுது விடியும்வரை சண்டை நடந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த முறையிலிருந்து என்றார் ஆசிரியர். இன்று பழையபடிதான். மடத்துத் தோட்டத்தின் முறையை, போன தடவை தண்ணீர் கிடைக்காத காளியப்பனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் மடத்தில் கீரையே இல்லை.

"எட்டு நாள் பயிர் தாங்குமா, தாயி?" என்றார் செங்கோடன்.

"எப்ப வரும்னு தெரிஞ்சா தாங்க வச்சிரலாம், சாமி. குடத்துல மொண்டு ஊத்திக்கறேன்."

எட்டாம் நாள் விடிந்தது. செங்கோடன் வட்டிலை மிதக்கவிட்டார். அது மூழ்கியதும் சேகண்டியைத் தட்டினார். தூரத்தில், கண்ணுக்கே தெரியாத யாரோ ஒருவர் வாய்க்காலை அடைத்தார். தண்ணீர் அடுத்த வயலுக்குத் திரும்பியது. மறுபடி தட்டினார், மறுபடி திரும்பியது. பூவாயிக்கு ஒன்றேகால் வட்டில். அவளும் வந்து பார்க்கவில்லை. செங்கோடன் வட்டிலையே பார்த்தார். ஒரு சின்னக் கிண்ணத்தை நம்பி இத்தனை பேர் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து வேலை செய்கிறார்கள்.

"ஒருத்தர்கூட வரலையே, ஐயா" என்றார்.

"அவங்க வராம இருக்கத்தான் நீ உக்காந்திருக்க" என்றார் ஆசிரியர்.