இரண்டு முறை கட்டிய தாலி

கோமதிநாயகம் மாடிப்படி ஏறும்போதே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், ஒரு புகார் எழுதணும். இங்கிலீஷ்ல. நல்லா உறைக்கிற மாதிரி எழுதணும்."

ரெஜினா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுப்பவள். கோமதிநாயகத்துக்கு ஐம்பத்து நாலு. வேலை பார்த்த மில்லை மூடியபிறகு கேமரா வாங்கியவர். கடை கிடையாது, கூட ஆள் கிடையாது. தனியாகவே போய்க் கல்யாணங்களைப் படம் எடுப்பார். அவருக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே ரெஜினாதான். அதனால் அவள் டீச்சர்.

"யார் மேல புகார்?"

உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"இத வித்தவன் மேல. மாட்டுனா டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் வருது. சென்னைக்கு அனுப்பிப் பாத்தேன். உள்ள தட்டே கீறிட்டு, ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கம்பெனில கேட்டா, வாரண்டி இருக்கு, புது டிஸ்க் தாரோம்ங்கான். புது டிஸ்க்க வச்சு நான் என்ன செய்ய? அதுல யாரு கல்யாணம் இருக்கு?"

"இதுல என்ன இருந்துச்சு?"

"பதினோரு கல்யாணம்."

"இன்னொரு காப்பி?"

"இதுதான் டீச்சர் காப்பி. லேப்டாப்புல இடம் இல்ல. இதுல போட்டுட்டு அங்க அழிச்சிட்டேன்."

"கேமரா கார்டு?"

"அடுத்த கல்யாணத்துக்கு வேணுமே. அதையும் அழிச்சாச்சு."

"அது காப்பி எடுத்தது இல்ல அண்ணாச்சி. வீடு மாத்துனது."

கோமதிநாயகத்துக்கு முகம் சிவந்தது. "டிஸ்க் செத்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானா அத செஞ்சேன்? நம்பி வாங்கினேன். நம்பினவன்மேலயே குத்தமா?"

ரெஜினா டிஸ்க்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பதினொண்ணுல ஆல்பம் கொடுக்காதது எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. சங்கரன்கோவில் பக்கம், பேச்சியம்மாள்னு ஒரு பொண்ணு. ஆடி கழியட்டும் தாரேன்னு சொல்லியிருந்தேன். நேத்து போன் பண்ணுச்சு. அவசரமா வேணுமாம்."

"டிஸ்க் போயிட்டுன்னு சொல்லிட்டீங்களா?"

"கம்பெனிக்காரன் பதில் முழுசா வரட்டும்னு..."

ரெஜினா கணினியை அணைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"புகாரு?"

"வந்து எழுதுதேன். வாங்க, பஸ் இருக்கு."

*

பேச்சியம்மாள் விசைத்தறிப் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. வாசலில் நின்றவர்களை அவள்தான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோமதிநாயகத்தின் கையைப் பார்த்தாள். கையில் ஆல்பம் இல்லை.

"எதுக்கும்மா அவசரம்?" என்று ரெஜினா கேட்டாள்.

"கேஸ் போட்டிருக்கேன்க்கா. நாலு மாசம் வச்சிருந்துட்டு வீட்டவிட்டு அனுப்பிட்டான். இப்ப திருப்பூர்ல வேற பொண்ணு பாக்காங்க. கேட்டா, எனக்கும் அவனுக்கும் கல்யாணமே நடக்கலையாம். கோயிலுக்குச் சாமி கும்பிட வந்தோமாம்."

"கோயில்ல பதிவு இருக்குமே?"

"அவங்க குலசாமி கோயில். பூசாரியே அவனுக்குச் சித்தப்பா. வந்த கூட்டம் பூராவும் அவங்க ஆளு. எங்க பக்கம் போனது ஏழு பேரு, ஒருத்தர்கிட்டயும் நல்ல போன் கிடையாது. என் போன அவன் உடைச்சிட்டான்." கோமதிநாயகத்தைப் பார்த்தாள். "வக்கீலு போட்டோ எங்கன்னு கேட்டாரு. போட்டோக்கார அண்ணாச்சி வச்சிருக்காரு, தைரியமா போடுங்கன்னு சொல்லிட்டேன்."

கோமதிநாயகம் டிஸ்க், சத்தம், சென்னை, வாரண்டி எல்லாம் சொன்னார். "நான் விடப்போறது இல்லம்மா. கம்பெனிய கோர்ட்டுக்கு இழுக்கப் போறேன். அவன் பதில் சொல்லியே ஆகணும்" என்று முடித்தார்.

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள்.

"எந்தக் கம்பெனி அண்ணாச்சி? நான் எந்தக் கம்பெனி மூஞ்சியப் பாத்தேன்? உங்களத்தானே பாத்தேன்?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"அன்னைக்கு முகூர்த்தம் முடியுது, முடியுதுன்னு பூசாரி கத்துதாரு. நீங்க விடல. வெளிச்சம் சரியில்ல, மாப்பிள்ள கை மறைக்குதுன்னு சொல்லி, கட்டின முடிச்ச அவுக்க வச்சு மறுபடி கட்டச் சொன்னீங்க. எங்கம்மா அபசகுனம்னு அழுதுச்சு. ஒண்ணு சரியா விழலன்னா இன்னொண்ணு இருக்கட்டும்மான்னு நீங்கதான் சமாதானம் சொன்னீங்க."

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ தாலி கட்ட வச்சீங்க. உங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல."

அவள் அழவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கோமதிநாயகம் கேட்டார்.

"எத்தனை காப்பி வச்சிருந்தா போதும் டீச்சர்?"

ரெஜினா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஒண்ணும் இல்ல. முதல்ல ஒண்ணு தேடுங்க."

*

மறுநாளே அவர் மாப்பிள்ளையின் ஊருக்குப் போனார். யாராவது போனில் எடுத்திருப்பார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். கதவைத் திறந்தவர்கள் அவரைக் கண்டதும் சாத்தினார்கள். ஒருவர், "நான் அன்னைக்கு ஊர்லயே இல்லையே" என்றார். பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் கேட்டவர் அவர். இலையோடு சேர்த்து அவரைப் படம் எடுத்ததே கோமதிநாயகம்தான். அதைச் சொன்னார்.

"எடுத்தீரா? காட்டும் பாப்போம்" என்றார் அந்த ஆள்.

காட்ட ஒன்றுமில்லை. கோமதிநாயகம் தெருவுக்கு வந்து, ஒரு கடைப் பலகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை பெரிய பொய்யைப் பகலில், தெருவில் நின்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். அவன் வாயை அடைக்கும் பொருளைத் தானே வைத்திருந்து, தானே அழித்ததையே நினைத்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு எழுதவேண்டிய புகார் அவருக்கு நினைவுக்கே வரவில்லை.

பதினோரு நாள் அலைந்தார். பன்னிரண்டாம் நாள், கடையநல்லூரில், அந்தக் கல்யாணத்துக்கு வாசித்த நாயனக்காரர் குத்தாலிங்கத்தின் வீட்டைக் கண்டுபிடித்தார். அவர் வெளியூர்க்காரர், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயப்படவேண்டியது இல்லை.

"நான் வாசிக்கத நானே எடுத்து வச்சுக்கிடுவேன்" என்றார் குத்தாலிங்கம். "தவில் பெட்டி மேல போன சாத்தி வச்சிருந்தேன். உமக்கு என்ன வேணும், கெட்டிமேளமா?"

நாலு நிமிட வீடியோ. பாதித் திரையில் குத்தாலிங்கத்தின் உப்பிய கன்னம். இடது தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, பேச்சியம்மாள். மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறான். யாரோ ஒருவர், "மாப்பிள்ள, கையக் கொஞ்சம் இறக்கி, மறுபடி" என்று அதட்டுகிறார். அவன் சிரித்துக்கொண்டே அவிழ்த்து, மறுபடி கட்டுகிறான்.

அதட்டியது தன் குரல்தான் என்று தெரிய கோமதிநாயகத்துக்குச் சற்று நேரம் ஆயிற்று.

*

வழக்கு விசாரணைக்கு முந்தின நாள் காலையில் அவர் ரெஜினாவின் மாடிக்கு வந்தார். தோளில் ஒரு கறுப்புப் பை. முகம் பிரகாசமாக இருந்தது.

"மூணு காப்பி டீச்சர். லேப்டாப்புல ஒண்ணு. கம்பெனிக்காரன் கொடுத்த புது டிஸ்க்ல ஒண்ணு. பென்டிரைவ்ல ஒண்ணு. மூணையும் திறந்து ஓட்டிப் பாத்தாச்சு. இப்ப என்ன சொல்லுதீங்க?"

ரெஜினா வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள். "தெளிவா இருக்கு" என்றாள். "நாயனக்காரர் போன்ல இருக்குல்ல?"

"இடம் இல்லன்னு சொன்னாரு. நான் எடுத்தாச்சு, நீங்க அழிச்சிக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்."

"பேச்சிகிட்ட சொல்லியாச்சா?"

"நாளைக்குக் கோர்ட்டு வாசல்ல வச்சு நேரா காட்டப்போறேன். அது முகத்தப் பாக்கணும்லா?"

ரெஜினா லேப்டாப்பை மூடினாள். டிஸ்க்கையும் பென்டிரைவையும் சேர்த்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டுபோய் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பாதியில் விட்ட வேலையைத் தொடர்ந்தாள்.

"டீச்சர்?"

"பைய பஸ்ல விட்டுட்டீங்க அண்ணாச்சி. இறங்கிப் பாத்தா பஸ் போயிட்டு. இப்ப வீடியோவக் காட்டுங்க."

கோமதிநாயகம் சிரிக்கப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

"விளையாட்டா இது? சாவியத் தாங்க."

அவள் ஏதோ ஒரு கல்யாணத்தின் ஊஞ்சல் பாட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நாளைக்குப் பத்து மணிக்குக் கேஸு. என் வயசு என்ன, உங்க வயசு என்ன? நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன். ஒரு ஊரே பொய் சொல்லுது, அதுக்கு எதிரா இருக்கது அது ஒண்ணுதான். அத வச்சா விளையாடுவாங்க?"

"யாரு பொருள் அது?"

"என்ன கேள்வி இது! என் பொருளா இருந்தா போகட்டும்னு விட்டிருவேன்." மேசையில் ஓங்கி அடித்தார். கீபோர்டு துள்ளி விழுந்தது. "அந்தப் பொண்ணோடது டீச்சர்! அவளோடது!"

ரெஜினா பாட்டை நிறுத்தினாள். சாவியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"அப்படின்னா அவ வீட்டுல ஒரு காப்பி இருக்கா அண்ணாச்சி?"