உட்கார்ந்து உழைத்த மகாராஜா

முன்னொரு காலத்தில் ஒரு மகாராஜா இருந்தார் என்பதைவிட, உட்கார்ந்திருந்தார் என்பதே சரி. சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். அலுத்தால் பல்லக்கில் உட்காருவார். எங்கே உட்கார்ந்தாலும் கையில் அதிரசம் இருக்கும்.

உடம்பு பெருத்தது. ஏகாம்பர வைத்தியர் நாடி பார்த்துச் சொன்னார்: "தினமும் குளத்தைச் சுற்றி நடந்தால் மட்டுமே அதிரசம்."

மகாராஜா ஒரு நாள் நடந்தார். மறுநாள் சபையில் கேட்டார்.

"வைத்தியரே! நான் இங்கே சும்மாவா இருக்கிறேன்? தலையாட்டுகிறேன். கை அசைக்கிறேன். கொட்டாவி விடுகிறேன். இந்த உழைப்பெல்லாம் கணக்கில் வராதா?"

"வரும் மகாராஜா. ஒரு மிளகளவு வரும்."

"மிளகளவா!"

மகாராஜாவின் முகம் சிவந்தது. பிரதானி வில்லவராயர் சட்டென்று குறுக்கிட்டார். அவருக்கு வைத்தியரைப் பிடிக்காது. விதூஷகன் சாத்தப்பனை அதைவிடப் பிடிக்காது.

"பிரபு, தாங்கள் மூச்சு விடுவதே நாட்டுக்கான உழைப்பு. சந்தேகம் இருந்தால் சாத்தப்பன் தீர்ப்புச் சொல்லட்டும். உட்கார்ந்திருப்பது உழைப்பு என்றால், பொய் சொன்ன வைத்தியர் நாட்டை விட்டுப் போகட்டும். உழைப்பு இல்லை என்றால்..." பிரதானி சிரித்தார். "மகாராஜாவைச் சோம்பேறி என்றவனுக்கு என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும்."

"நல்ல யோசனை. சொல் சாத்தப்பா" என்றார் மகாராஜா.

போன மழைக்காலத்தில் சாத்தப்பனின் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பிழைக்க வைத்தவர் வைத்தியர். அவரைத் துரத்த அவன் வாய் திறக்குமா? திறக்காவிட்டால் தலை தப்புமா?

அவன் சபையை ஒருமுறை பார்த்தான். காலையில் உட்கார்ந்த ஒருவரும் இன்னும் எழவில்லை.

"உழைப்புதான் மகாராஜா" என்றான்.

வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"லேசான உழைப்பல்ல, முதுகை ஒடிக்கும் உழைப்பு. வைத்தியர் அளவில்தான் தவறிவிட்டார். அது போகட்டும். ஏரி வெட்டுகிறவர்களுக்குத் தாங்கள் ஒரு சட்டம் போட்டீர்களே?"

மகாராஜாவுக்கு அந்தச் சட்டத்தில் பெருமை அதிகம். "உச்சிப்பொழுது முரசு கேட்டதும் மண்வெட்டியைக் கீழே வைக்க வேண்டும். உழைத்தவனுக்கு ஓய்வு தராத கண்காணிக்குக் கசையடி!"

"ஓய்வு என்றால் என்ன பிரபு?"

"இது தெரியாதா? செய்த வேலையை நிறுத்துவது."

"அதனால்தான் மண் வெட்டியவன் உட்காருகிறான். உட்கார்ந்து உழைத்தவர் என்ன செய்வார்?"

வெளியே உச்சிப்பொழுது முரசு அதிர்ந்தது.

மகாராஜா மெல்ல எழுந்தார். சபை முழுவதும் முனகிக்கொண்டே எழுந்தது.

"குளத்தைச் சுற்றி வருகிறேன். வெயிலாக இருக்கிறது. பல்லக்கு வரட்டும்" என்றார் மகாராஜா.

"வரட்டும் பிரபு. ஆனால் பல்லக்கில் உட்காருவதும் உழைப்பாயிற்றே! ஓய்வு வேளையில் தாங்கள் உழைத்தால், அரண்மனைக் கண்காணிக்கல்லவா கசையடி விழும்?"

"அரண்மனைக் கண்காணி யார்?"

"பிரதானிதான்."

வில்லவராயர் பாய்ந்து போய்ப் பல்லக்கின் முன்னால் கைகளை விரித்து நின்றார். "வேண்டாம் பிரபு! நடங்கள்! தங்கள் காலில் விழுகிறேன், நடங்கள்!"

மகாராஜா நடந்தார். குளக்கரையில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார லேசாகக் குனிந்தார். பிரதானி ஓடிப்போய் அதன்மேல் படுத்துக்கொண்டார். அடுத்து ஒரு படிக்கட்டு வந்தது. பிரதானி அங்கும் ஓடினார். சுற்றி முடிப்பதற்குள் அவருடைய தலைப்பாகை தண்ணீரில் மிதந்தது.

மகாராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடிக்கவும் நிறையவே இருந்தது.

"வைத்தியர் இங்கேயே இருக்கட்டும். அதிரசத்துக்கு வழியும் அவரே சொல்லட்டும். சாத்தப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

விதூஷகனுக்குச் சபையில் இருக்கை கிடையாது. அது அந்த அரண்மனை வழக்கம்.

சாத்தப்பன் கைகூப்பினான். "பிரபு, இத்தனை வருஷமாகத் தங்கள் சபையில் நின்று நின்று ஓய்வெடுத்தே கால் வீங்கிவிட்டது. ஒரு பலகை போடச் சொல்லுங்கள். நானும் கொஞ்சம் உழைக்கிறேன்."