சுடலைமுத்து சாரின் ஃபோகஸ்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு, குருவுக்கு இருபத்தாறு. சீடர் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், பெயர் சுடலைமுத்து. குரு அவரிடமே பிளஸ் டூ படித்த ஜன்னத். இப்போது பத்திரிகைக்கு விளையாட்டுப் படம் எடுக்கிறாள். கற்றுக்கொள்ள வந்த பிறகும் அவர் ‘வா, போ’ என்றுதான் பேசினார். அவளும் ‘சார்’ போடுவதை விடவில்லை.

பள்ளி வாசல் போர்டில் வருஷா வருஷம் பையன்களின் கிரிக்கெட் படம்தான். கோகோ ஆடும் பெண்கள் மூன்று வருஷமாகக் கேட்டுச் சலித்துவிட்டார்கள்.

“நல்லதா ஒரு படம் கொண்டு வாங்க, மாட்டிருவோம்” என்றார் தலைமையாசிரியை.

“நான் எடுத்துத் தாரேன்” என்று சுடலைமுத்து வாயை விட்டுவிட்டார். நான்கு ஆட்டம் முடிந்தும் ஒரு படம் தேறவில்லை. சனிக்கிழமை இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம்.

வியாழன் மாலை, பயிற்சி நடக்கும்போது ஜன்னத்திடம் கேமராவை நீட்டினார்.

“ஓடுற பிள்ளையை விட்டுட்டு, வரிசையில உக்காந்திருக்கிற பிள்ளை மூஞ்சியப் பிடிக்குது. மோடை மாத்துனா எல்லாமே கலங்கலா வருது. ஆட்டோஃபோகஸ்ல எந்த மோட் சரி? அதை மட்டும் சொல்லு.”

“ஒரு ஆட்டத்துல எத்தனை தடவை மாத்துதீங்க சார்?”

“ஒவ்வொரு படம் தப்பும்போதும்.”

“லேப்ல நாங்க ஒரே நேரத்துல ரெண்டு அளவை மாத்துனா என்ன செய்வீங்க?”

“நோட்டைத் தூக்கி வெளிய எறிவேன்.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவள் கேமராவை ஒரு மோடில் வைத்து, பொத்தான்மேல் பிளாஸ்டரை ஒட்டினாள். “அரை மணி நேரம் இதைத் தொடக் கூடாது. எதையும் அழிக்கக் கூடாது. எங்க தப்புதுன்னு மட்டும் எழுதுங்க.”

இரண்டு மாலைகளில் நான்கு மோடுகள். வெள்ளிக்கிழமை இருட்டும்போது தொள்ளாயிரம் படங்கள் இருந்தன. உருப்படியாக ஒன்றுகூட இல்லை. சாருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“ரெண்டு நாளும் வீணாப்போச்சே. பிள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

“நாளைக்குக் கெட வேண்டியதெல்லாம் இன்னைக்கே கெட்டுப்போச்சு சார். எழுதினதைப் படிங்க.”

படித்தார். “முகம் தேடும் மோட், உட்கார்ந்திருப்பவர்களிடம் தாவுகிறது. ஒரே இடத்தில் பூட்டும் மோட், பிள்ளை நின்ற இடம் தெளிவு, பிள்ளை இல்லை. பின்தொடரும் மோட், குறுக்கே வருபவளோடு போய்விடுகிறது. சின்னப் புள்ளி மோட், நான் குறிவைக்கும் இடத்தை மட்டும் பிடிக்கிறது, என் கை தவறினால் வேப்பமரம்.”

மைதானத்தைப் பார்த்தார். “எல்லாமே நடுவுலதான் தப்பியிருக்கு. வரிசை முடியுற கம்பத்துக்கிட்ட யாரும் உக்காரலையே!”

ஜன்னத் பிளாஸ்டரை உரித்துப் பைக்குள் போட்டாள்.

சனிக்கிழமை சார் கம்பத்துக்கு நேராகப் போய் மண்டியிட்டார். சின்னப் புள்ளி. முதல் பாதி முழுக்க அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. அவர் இடத்தையும் மாற்றவில்லை, மோடையும் மாற்றவில்லை. இரண்டாம் பாதியில் கேப்டன் முத்தரசி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பை வீசிப் பாய்ந்தாள். சார் அழுத்தினார்.

திங்கட்கிழமை படம் வாசலில் இருந்தது. முத்தரசியின் விரல் நுனி எதிராளியின் தோளைத் தொட இருக்கிறது. பறக்கிற மண்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

“ஏட்டி, என் கண்ணைப் பாருட்டி!” என்று முத்தரசி பக்கத்தில் நின்றவளிடம் கத்தினாள். சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குள் வாலிபால் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அடுத்து நாங்கதானே சார்?”

“அதுக்கென்ன! இனி எந்த ஆட்டமா இருந்தாலும் சின்னப் புள்ளிதான். பதிலைக் கண்டுபிடிச்சாச்சு” என்றார் சுடலைமுத்து. “என்ன ஜன்னத்து, சரிதானே?”

ஜன்னத் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“வாலிபால்ல உங்க புள்ளிக்குக் குறுக்க வலை இருக்கு சார்.”