தொப்பி முடியட்டும்

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர் மாசிலாமணி. ஓய்வு பெற்றதும் கம்பளிப் பின்னல் கற்றுக்கொள்ளப் போனார். பெனிட்டா என்ற பெண் தன் வீட்டு முன்னறையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

ஊட்டியில் மகள் எமிலிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்ததோடு சரி. அடுத்த தடவை என் கையால் பின்னிய தொப்பியோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கை சீக்கிரமே பழகிவிட்டது. மனசுதான் அடங்கவில்லை. தொப்பி முக்கால்வாசி வந்திருக்கும். எங்கோ ஒரு கண்ணி தளர்ந்திருப்பது கண்ணில் படும். உடனே மொத்தத்தையும் பிரித்துவிடுவார். பிரித்துப் பிரித்து அந்த மஞ்சள் நூல் நைந்தே போனது.

எமிலி போனில் கூப்பிடுவாள். "பாப்பா ஆள் பாத்து சிரிக்கிறாப்பா. வந்து பாருங்க."

"தொப்பி முடியட்டும்மா."

பிறகொரு நாள், "குப்புற விழுந்துட்டாப்பா."

"இன்னும் கொஞ்சம்தான்."

அன்று அவர் பெனிட்டாவிடம் கேட்டார். "எனக்கு எப்போ டீச்சர் தப்பில்லாம வரும்?"

"பாப்பாவைப் போய்ப் பாத்தீங்களா ஐயா?"

"இது முடிஞ்சதும் போகணும்."

அவள் நூல் உருண்டையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஒருவழியாகத் தொப்பி முடிந்தது. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஊட்டிக்குப் போனார். குழந்தை அவரைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தொப்பி உச்சந்தலையிலேயே நின்றுவிட்டது. காதுவரைகூட இறங்கவில்லை.

"பரவாயில்லப்பா, பத்திரமா எடுத்து வைக்கிறேன்" என்றாள் எமிலி.

அவர் அதைக் கொடுக்க மனமில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் தொப்பியைப் பெனிட்டாவின் முன்னால் வைத்தார். "பாப்பாவுக்கு என்னை யாருன்னே தெரியல, டீச்சர்."

பெனிட்டா அதைத் தன் முஷ்டியில் மாட்டிப் பார்த்தாள். பிறகு, "வீட்டுல துவைச்ச சாக்ஸ் இருந்தா ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

பக்கத்துத் தெருதான். சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துவந்தார். அவள் அதில் பஞ்சை அடைத்து, நூலால் இறுக்கிக் கழுத்து கட்டினாள். மிச்சத் துணியில் இரண்டு கைகள் வைத்தாள். கறுப்பு நூலில் கண்களைத் தைக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பதில் சொல்லிக்கொண்டே தைத்ததில் ஒரு கண் மேலே ஏறிவிட்டது. பொம்மையின் தலையில் தொப்பியை மாட்டினாள். அளவெடுத்துப் பின்னியதுபோல உட்கார்ந்தது.

மாசிலாமணி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கண்ணு ஏறியிருக்கே, டீச்சர். பிரிச்சுத் தைச்சிடலாமா?"

"ஊட்டிக்கு இப்போ ஒரு பஸ் இருக்கு ஐயா" என்றாள்.

அவர் போனார். குழந்தை முதலில் பொம்மையைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மடியில் உட்கார்ந்து பொம்மையின் கையைச் சப்பிக்கொண்டிருந்தது. அப்படியே தூங்கியும் போனது. கால் மரத்துப் போகும்வரை அவர் அசையவில்லை. அன்று திரும்புவதாகச் சொல்லிப் போனவர் அந்த வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டார்.

திரும்பி வந்ததும் சிவப்பு நூலில் ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தார். பாதி வந்தபோது ஒருநாள் கை நின்றது. டீச்சர் பக்கம் நீட்டிக் காட்டினார்.

"கீழ் வரிசையில ஒரு கண்ணி தளர்ந்திருக்கு."

பெனிட்டா குனிந்து பார்த்தாள். தளர்ந்துதான் இருந்தது.

"பாப்பாவுக்குப் பல்லு வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. "கீழ ரெண்டு. என் விரலைத்தான் கடிக்கிறா."

"மேல் பல்லு வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க ஐயா" என்றாள் பெனிட்டா.